இளவேனிற் பூவும் குறிஞ்சிப் பூவும்

சங்கப் பாடல்களுள் பூப்பெயர் பயிலாதன சிலவே. நிலத்திற்கும் ஒழுக்கத்திற்கும் போர்முறைக்கும் பூவின் பெயரையே இட்டு வழங்கிய சிறப்பு நம் முன்னோர்க்கு உண்டு. ஆயினும், இன்று சங்க இலக்கியம் பயில்வார் பூவின் பெயரைப் பயில்கின்றனரே அன்றி, அது பூக்கும் இடத்தையும் காலத்தையும் பயில்கின்றாரல்லர். குறிஞ்சிப்பாட்டில் வரும் தொண்ணூற்றொன்பது பூக்களின் பெயரையும் ஒரே மூச்சில் ஒப்பிக்கும் மாணாக்கர் உளர். அவற்றுள் மாசியில் மலர்வது எது, ஐப்பசியில் மலர்வது எது, இலை உதிர்ந்தபின் பூப்பது எது, மழை பெய்தபின் பூப்பது எது என வினவின், விடை கூறுவார் அரியர். இதில் மாணாக்கர் குறை ஒன்றும் இல்லை. 'ஒரு மரம்', 'ஒரு கொடி', 'ஒருவகைப் பூ' எனப் பொருள் கூறி அமையும் அகராதிகளும், அவற்றை அப்படியே எடுத்தோதும் நம் வகுப்புகளுமே இதற்குக் காரணம்.

பூக்கும் காலத்தை அறிதல் இலக்கிய ஆராய்ச்சிக்கு ஓர் அணி அன்று. அஃது ஒரு கருவி. அக்கருவி இன்றி அகப்பாடல்கள் சிலவற்றின் பொருள் நமக்கு முழுமையாகப் புலப்படாது என்பதே இக்கட்டுரையின் கருத்து. இதனை நிறுவத் தேனி மாவட்டத்துக் கம்பம் பள்ளத்தாக்கினை ஒரு களமாகக் கொள்கின்றேன். சங்கப் புலவர் இன்னார் இம்மலையில் நடந்தார் என நாட்டுதல் என் நோக்கமன்று. கபிலர் பெயரோடு சேர்ந்த பறம்புமலை இங்கிருந்து கிழக்கே பிரான்மலையாக உள்ளது என்பதை யாவரும் அறிவர். ஆயினும், சங்ககால வாழ்விற்கு இப்பகுதி அயலானதன்று. ஆண்டிபட்டியை அடுத்த புலிமான்கோம்பையில் 2006-இல் கண்டெடுக்கப்பெற்ற தமிழி எழுத்து நடுகற்களுள் ஒன்று, ஆகோளில் பட்ட ஒருவனைக் கூறுகின்றது. ஆகோள், இலக்கணத்தார் வெட்சி என்னும் பூவால் பெயரிட்ட திணையின் பகுதியாகும். பாட்டு வேறு, மண் வேறு எனக் கொள்ளாது, மண்ணில் நடந்து பாட்டைப் பார்க்க இந்நிலம் ஏற்றது என்பதற்கு இத்துணைச் சான்றே போதும்.

வசந்தம் என்னும் மயக்கம்

இளவேனில் என்றவுடன் 'வசந்தம்' என்னும் சொல்லும், அதனோடு பூக்காடும் புல்வெளியும் களிப்பும் நம் உள்ளத்தில் எழுகின்றன. இவ்வெண்ணம் பெரும்பாலும் பிற நாட்டு இலக்கியங்களைப் பயின்றதால் வந்தது. குளிர்மிக்க நாடுகளில் இவ்வெண்ணத்திற்குத் தக்க அடிப்படை உண்டு. வட அமெரிக்காவில் பாதுகாக்கப்பெறும் பரந்த புல்வெளிகளில், பனி உருகியதும், நெடும்புல் தலையெடுத்து நிழல் செய்வதற்கு முன்னரே, சிறு செடிகள் தரையை ஒட்டிப் பூத்துவிடுகின்றன. வசந்தத்தில் அங்கு நடைபோவார் காலடியைப் பார்த்துப் பூவைத் தேடுகின்றனர். வடமொழியில் காளிதாசர் பெயரால் வழங்கும் ருதுசம்ஹாரமும் முதுவேனிலில் தொடங்கி வசந்தத்தில் முடிகின்றது. வசந்தமே அந்நூலின் நிறைவு.

தமிழ் இலக்கண நெறியோ வேறு. தொல்காப்பியம் பெரும்பொழுதைக் காரில் தொடங்குகின்றது. கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் என்னும் ஆறனுள், காரை முல்லைக்கும், கூதிரையும் முன்பனியையும் குறிஞ்சிக்கும் உரியன ஆக்கியது. வேனிலைப் பாலைக்கு உரித்தாக்கி, பின்பனியையும் அதனோடு சேர்த்தது. எனவே, மாசி முதல் ஆடி வரையுள்ள திங்கள் ஆறும் பாலையின் காலம். நாம் வசந்தம் எனக் கொண்டாடும் சித்திரையும் வைகாசியும் இதனுள் அடங்கும். பூ மிக்க இளவேனிலை வறட்சியின் திணைக்கும் பிரிவின் ஒழுக்கத்திற்கும் உரிமை செய்தது ஏன் என்பது இயல்பாக எழும் வினா. ஏட்டளவில் இதற்கு விடை காண்பது அரிது, மலைச்சரிவில் எளிது.

பள்ளத்தாக்கின் அமைப்பு

கம்பம் பள்ளத்தாக்கு மேற்கே ஏலமலைத் தொடருக்கும் கிழக்கே மேகமலை, வருசநாட்டு மலைகளுக்கும் இடையே கிடக்கின்றது. கூடலூர், கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர் என ஊர்கள் நிரையாக அமைந்துள்ளன. முல்லைப் பெரியாறும் சுருளியாறும் இதன் உயிர்நாடிகள். 1895-இல் நிறைவுற்ற பெரியாற்று அணையால் மேற்கு நோக்கி ஓடிய நீர் கிழக்கே திரும்ப, நெல்வயல்கள் செழித்தன. தென்மேற்குப் பருவமழையின் பெரும்பகுதியை மலையின் மேற்குப் பக்கம் ஏற்றுக்கொள்வதால், பள்ளத்தாக்கின் அடிவாரம் மழை மறைவு நிலமாக உள்ளது.

போடிநாயக்கனூர்ச் சமவெளி கடல்மட்டத்திற்கு மேல் 400 மீட்டரும் இல்லை. அங்கிருந்து குரங்கணி வழியாக மலையேறின், டாப் ஸ்டேஷன் என வழங்கும் மேட்டில் உயரம் ஏறத்தாழ 1,700 மீட்டராகின்றது. இவ்வேற்றத்தில், கண்மாயும் வயலும் உடைய மருதம், முட்புதர் நிறைந்த கரடு, இலையுதிர் காடு, ஓடையை ஒட்டிய பசுஞ்சோலை, அதன்மேல் மலைப்புல்வெளி எனப் பல நிலங்களைக் கடக்கின்றோம். நூல்கள் தனித்தனியே வகுத்த நிலங்களை அடுக்கி வைத்தாற்போன்ற அமைப்பு இது. எனவே, எப்பூ எவ்வுயரத்தில் எத்திங்களில் மலர்கின்றது என ஒப்பிட்டு நோக்க இதனைவிட ஏற்ற களம் அரிது.

மாசி, பங்குனித் திங்களில் இவ்வழியில் பூத்தேடிச் செல்வார் தரையைப் பார்த்தல் பயனற்றது. தலையை நிமிர்த்தல் வேண்டும். அக்காலத்துப் பூ பெரும்பாலும் மரத்துப் பூ. இலவம் இலை முழுவதும் உதிர்த்துச் செம்பூவைத் தாங்கி நிற்கும். பலாசு தழல்போல் பூக்கும். கோங்கிலவு பொன்னிறப் பூவை வெறுங்கிளையில் ஏந்தும். சித்திரை, வைகாசியில் புன்கும் வேம்பும் பூவுதிர்க்க, கொன்றை சரஞ்சரமாகத் தொங்கும். இவற்றுள் பல, நிழல் தரும் இலையை இழந்தபின் பூப்பன. கீழே புல் காய்ந்து சருகாகிக் கிடக்க, ஓடை மணலாக, பாறை கொதிக்க, மேலே பூ நிறைந்திருக்கும். மேற்புல்வெளியிலும் அக்காலம் பூக்காலமன்று. ஆண்டின் தொடக்கத்தில் சோலை ஓரத்து ரோடோடென்ட்ரான் மரங்களில் சிவந்த பூக்கொத்துக்களைக் காணலாம். அதுவும் மரத்துப் பூவே. புல்வெளியின் சிறுபூக்கள் மழைக்குப் பின்னரே பெருகுகின்றன.

இளவேனில் ஏன் பாலைக்கு உரியதாயிற்று என்பது இங்கே விளங்குகின்றது. நம் நாட்டு இளவேனிலில் பூவும் வறட்சியும் ஒன்றையொன்று விலக்குவனவல்ல. ஒரே மரத்தில், ஒரே நேரத்தில் நிற்பன. ஐங்குறுநூற்றில் ஓதலாந்தையார் பாடிய பாலைப் பகுதியுள் 'இளவேனிற் பத்து' என்பது ஒன்று (341–350). அதன்கண் கோங்கும் பாதிரியும் புன்கும் மராவும் ஒவ்வொன்றாக வருகின்றன. பருவம் வந்தது, தலைவன் வந்திலன் என்பதே பத்துப் பாட்டின் உள்ளுறுத்த துயர். இப்பகுதியைக் கற்பிப்போர் சிலர், இயற்கையின் மகிழ்ச்சியும் தலைவியின் துன்பமும் முரண்படும் அழகு எனக் கூறி அமைவர். இஃது அரைப்பொருளே. இலையற்ற கிளையில் பூத்த கோங்கு முழுமகிழ்ச்சியின் குறி அன்று. நிழலை இழந்து நிற்கும் ஒன்றன் பொலிவு அது. தலைவியின் நிலையும் அதுவே. ஆகலின், பூ அவளுக்கு முரணாக மட்டும் நிற்கவில்லை, ஒப்பாகவும் நிற்கின்றது. வடநாட்டு வசந்தத்தை நெஞ்சிற்கொண்டு படிப்பார்க்கு இவ்வொப்புமை தோன்றாது.

ஒரே மலை, இரு திணை

முல்லையும் குறிஞ்சியும் வெம்மையால் தம் இயல்பு கெட்டுப் பாலை வடிவு கொள்ளும் என்னும் கருத்தை இளங்கோவடிகள் காடுகாண் காதையில் கூறினார். இதனைப் புலவர் கற்பனை எனவும் நூல்நெறிக்கு ஓர் அமைதி எனவும் கொள்வார் உளர். 2018-ஆம் ஆண்டு குரங்கணி மலையும் அதனை அடுத்த மலைகளும் கண்டவை இரண்டும் இக்கருத்திற்கு மறக்கவியலாத சான்றாயின.

அவ்வாண்டு மார்ச்சு 11-ஆம் நாள், அஃதாவது மாசித் திங்களின் இறுதியில், குரங்கணி மலைச்சரிவில் காய்ந்த புல் தீப்பற்றியது. நடைப்பயணமாக வந்திருந்த இரு குழுவினர் அத்தீயிற் சிக்கினர். இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அதே ஆண்டு ஆவணி தொடங்கி, கொழுக்குமலையிலும் மூணாற்றுப் பகுதியிலும் குறிஞ்சி பூத்தது. ஆகஸ்டுத் திங்களில் இடுக்கிப் பகுதியைத் தாக்கிய பெருவெள்ளத்தால் அவ்வாண்டுப் பூப்பு தடைப்பட்டு, மழை தணிந்தபின் தொடர்ந்தது. பின்பனியின் இறுதியில் உயிரை எரித்த அதே தொடர்மலை, காரிலும் கூதிரின் தொடக்கத்திலும் நீலம் போர்த்தது. இலக்கணம் பாலைக்கு உரிமை செய்த காலத்தில் அம்மலை பாலையாகவே இருந்தது. குறிஞ்சிக்கு உரிமை செய்த காலத்தை நெருங்கியபோது குறிஞ்சியாயிற்று. திணை என்பது நிலத்தின் பெயர் மட்டும் அன்று, நிலம் காலத்தோடு கூடிய நிலையின் பெயர் என்பதற்கு இதனினும் தெளிந்த விளக்கம் வேண்டா.

தாவரவியலார் ஸ்ட்ரோபிலாந்தெஸ் குந்தியானா என வழங்கும் நீலக்குறிஞ்சி, மேல்மலைப் புல்வெளியில் பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை ஒருசேரப் பூத்துக் காய்த்து மடிவது. 1994, 2006, 2018 என அண்மைப் பூப்புகள் அமைந்தன. அடுத்தது 2030-இல் எதிர்பார்க்கப்படுகின்றது. இவ்வரிய பூவின் பெயரால் மலைநிலத்தையும் புணர்ச்சி ஒழுக்கத்தையும் குறித்தமைக்கு ஆண்டுக் கணக்கே காரணம் எனப் பலர் எழுதுகின்றனர். ஈண்டு எச்சரிக்கை வேண்டும். குறிஞ்சியைச் சிறப்பித்த குறுந்தொகை மூன்றாம் பாட்டு அதன் கரிய கொம்பையும் அதனால் விளையும் தேனையும் கூறுகின்றது. ஆண்டுக் கணக்கைக் கூறவில்லை. பாட்டில் இல்லாத பன்னிரண்டாண்டை ஏற்றி உரை வகுப்பதினும், பாட்டில் உள்ள தேனைப் பற்றி நிற்பது நேர்மை. ஒருசேரப் பூத்த மலையில் தேன் பெருகும் என்பது இன்றும் மலைவாழ்நர் அறிந்தது. நட்பின் பெருமையைக் கூற வந்த தலைவிக்கு வேண்டியதும் அப்பெருக்கமே.

காலம் காட்டும் மரா

பூப்பெயரை இன்ன மரம் எனத் துணிதற்கும் காலம் ஒரு சான்றாகும். மரா என்பதற்குக் கடம்பு எனவும் வெண்கடம்பு எனவும் உரை கூறுவது மரபு. குறுந்தொகை 22-ஆம் பாட்டில் சேரமானெந்தையார் மராவைக் கூறுமிடத்து மூன்று செய்திகளைத் தருகின்றார்: அது மலைச்சாரலில் நிற்பது, அதன் பூ வலமாகச் சுரிந்தது, அது வேனிலில் மணப்பது. இம்மூன்றும் இடம், வடிவு, காலம் என்னும் மூன்று சான்றுகள். இன்று நாம் கடம்பு என வழங்குவதோ, பந்துபோல் உருண்ட பூந்தலை உடையது; மழைக்காலத்தை ஒட்டிப் பூப்பது. வடிவும் காலமும் இரண்டுமே இடர்ப்படுகின்றன. மரா இன்ன மரம் என ஈண்டு நான் துணியவில்லை. இக்கடம்பு அன்று எனத் துணிதற்குப் பாட்டே போதும் என்பதே என் கருத்து. ஐங்குறுநூறும் மராவை இளவேனிற் பத்துள் வைத்தது இதனை வலியுறுத்தும்.

இனி, இவ்வாறு துணிதல் வேண்டாத இடமும் உண்டு. முருக்கு என்பது முள்முருங்கையா பலாசா என்பது ஐயத்திற்கு உரியது. ஆயினும், இரண்டும் இலை நீத்துச் செம்பூப் பூப்பன. இரண்டும் வேனிலை ஒட்டி மலர்வன. வேனிற் பாட்டொன்றில் எம்மரத்தைக் கொள்ளினும் பாட்டின் பொருள் குன்றாது. எந்த ஐயம் பொருளைத் தாக்கும், எந்த ஐயம் தாக்காது என வேறுபடுத்தவும் காலம் அறிதல் வேண்டும். பி.எல். சாமி 1967-இல் வெளியிட்ட 'சங்க இலக்கியத்தில் செடிகொடி விளக்கம்' இத்துறையில் ஒரு வழிகாட்டி நூல். அந்நெறியில் தொடர்ந்து நடப்பது தாவரவியலார் கடன் மட்டும் அன்று. தமிழ்த் துறையார் கடனும் ஆகும்.

கொன்றை கூறியது பொய்யோ?

பூக்காலம் அறிந்தார்க்கே புலனாகும் நுட்பத்திற்குக் கொன்றைப் பாடல்கள் சிறந்த எடுத்துக்காட்டு. கார்காலத்தில் மீள்வேன் எனக் கூறிப் பிரிந்த தலைவன் வரவில்லை. கொன்றை பூத்துவிட்டது. குறுந்தொகை 66-இல் கோவத்தனாரின் தோழி, காலம் அல்லாத காலத்தில் பெய்த மழையைக் கார் எனப் பிறழ உணர்ந்து கொன்றை அறியாமையால் பூத்தது எனத் தலைவியைத் தேற்றுகின்றாள். உண்மையில் கார் வந்துவிட்டது, தோழி அன்பினால் பொய் கூறுகின்றாள் என்பதே நாம் வழக்கமாகக் கூறும் விளக்கம்.

கம்பம் பள்ளத்தாக்கில் கொன்றை சித்திரை, வைகாசியில் பூக்கத் தொடங்குகின்றது. அக்காலத்தில் இடியுடன் கோடைமழை பெய்தலும் உண்டு. இலக்கணம் கூறும் கார் ஆவணியில் தொடங்குவது. எனவே, கொன்றை வேனிலின் இறுதிக்கும் மழையின் தொடக்கத்திற்கும் இடையே எல்லையில் நிற்கும் மரம். அது பூத்தது எனக் கண்ட அளவில் கார் வந்தது எனவும் கூறலாம், வந்திலது எனவும் கூறலாம். தோழியின் கூற்றை முழுப்பொய் எனத் தள்ளுதற்கு இல்லை. மரத்தின் இயல்பே அவள் வாய்க்கு ஒரு பாதி மெய்யைத் தந்துள்ளது. பொய்யும் மெய்யும் பிரிக்க இயலாதபடி ஒரு பூவைத் தேர்ந்தெடுத்ததில் அப்புலவரின் நுண்மை உள்ளது.

இதனை நற்றிணை 99-ஆம் பாட்டோடு ஒப்பிடுக. அங்கே இளந்திரையனாரின் தோழியும் அவ்வாறே தேற்றுகின்றாள். ஆனால் பூத்தவை மூன்று: கொன்றையோடு பிடவும் கோடலும். கோடலாகிய வெண்காந்தள் நிலத்தடிக் கிழங்கிலிருந்து மழையீரம் பெற்றே எழுவது. ஒரு மரம் தவறலாம். மூன்று இனமும் ஒருங்கே தவறுமோ? அங்குத் தோழியின் பொய் வெளிப்படையானது. தலைவியும் அதனை அறிந்திருத்தல் கூடும். அறிந்தும் கேட்கின்றாள், அறிவாள் என அறிந்தும் கூறுகின்றாள் என்னும் நிலையில், தேற்றும் அன்பு பன்மடங்கு கனிகின்றது. இரு பாடல்களும் ஒரே துறை, ஒரே கருத்து எனத் தொகுத்துக் கூறிவிடுதல் பொருந்தாது. பூவின் எண்ணும் இனமும் மாறியதால் உணர்ச்சியின் நிலை மாறிற்று. குறுந்தொகை 21-இல் தலைவியோ, கொன்றை பூத்த காடே கார் எனக் கூறினும் நம்பேன், அவர் பொய் கூறார் என்கின்றாள். காட்டின் சான்றும் காதலன் சொல்லும் மாறுபடும்போது அவள் எதனைத் தேர்கின்றாள் என்பதே அப்பாட்டின் உயிர். காட்டின் சான்று எத்துணை வலியது என அறியாதார்க்கு அத்தேர்வின் அருமை விளங்காது.

குறிஞ்சிப்பாட்டின் பூக்குவியல்

இனி, குறிஞ்சிப்பாட்டிற்கு வருவோம். 261 அடிகளை உடைய இப்பாட்டில் முப்பதுக்கு மேற்பட்ட அடிகள் பூப்பெயர்களே. அவற்றைத் தொண்ணூற்றொன்பது எனக் கொள்வது மரபு. அடைமொழியை அடையாகக் கொள்வதா பெயராகக் கொள்வதா என்பதைப் பொறுத்து எண்ணிக்கை சிறிது வேறுபடும். இப்பகுதியைப் பற்றி இருவகைக் கருத்துக்கள் வழங்குகின்றன. ஆரிய அரசன் பிரகதத்தனுக்குத் தமிழ் அறிவுறுத்தப் பாடியது என்னும் குறிப்பைப் பற்றிக்கொண்டு, இது சொற்களைக் கற்பிக்கும் ஒரு பட்டியல் என்பார் ஒருசாரார். கபிலர் மலையில் கண்டவாறே வரைந்த இயற்கை ஓவியம் என்பார் மற்றொருசாரார்.

மலைவழியில் மேலே கண்ட காலவேறுபாட்டை மனத்திற்கொண்டு நோக்கின், இரண்டாம் கருத்து நில்லாது. இப்பாட்டில் மகளிர் நீராடுவது மழை பெய்து அருவி பெருகிய நாளில். அந்நாளில் அவர் பறித்துப் பாறையிற் குவித்தவற்றுள், மழையில் மலரும் காந்தளும் உண்டு, இலையுதிர் காலத்துக் கோங்கும் இலவமும் உண்டு. குளத்துத் தாமரையும் ஆம்பலும் உண்டு, கடற்கரைக்கு உரிய புன்னையும் தாழையும் ஞாழலும் உண்டு. இடத்தின் வேறுபாட்டை மட்டும் எனின், வயலும் கரடும் சோலையும் ஒருநாள் நடையில் அமையும் மலையடிவாரத்தை நினைத்து ஓரளவு அமைதி கூறலாம். எந்நிலத்துப் பூவும் பிறநிலத்து வரலாம் எனத் தொல்காப்பியமும் இசைவு தந்துள்ளது. காலத்தின் வேறுபாட்டிற்கு இவ்வமைதி போதாது. ஐந்து திணையின் பூவும் ஆறு பருவத்தின் பூவும் ஒரு பாறையில் ஒருநாளில் குவிந்தன என்பது உலகியல் அன்று.

அங்ஙனமாயின், முதற் கருத்தே சரியோ? அதுவும் அன்று. பட்டியலைக் கூறுபவள் தோழி, கேட்பவள் செவிலி, துறை அறத்தொடு நிற்றல். தலைவியின் மெலிவிற்குக் காரணம் கூற வேண்டிய தோழி, தினைப்புனம் காத்ததையும் அருவியாடியதையும் கூறிவிட்டு, தலைவன் தோன்றும் இடத்திற்கு வருமுன் இப்பூக்களை எண்ணுகின்றாள். சொல்ல அஞ்சும் செய்தி அடுத்து நிற்கின்றது. பூவை எண்ணும் அளவும் தலைவி குற்றமற்ற விளையாட்டு மகளாகவே செவிலி முன் நிற்கின்றாள். எண்ணி முடிந்தபின் அவள் வாழ்வு மாறிவிடும். இத்துணைப் பூவையும் கூறியபின்னும் இன்னும் பிற உள எனத் தோழி முடிப்பதை நோக்குக. அது அரசனுக்குப் பாடம் சொல்லும் ஆசிரியன் குரல் அன்று. அந்நாளை விட்டு நீங்க மனமில்லாத ஒரு பெண்ணின் குரல்.

செவிலியும் மலைநாட்டு மகளே. கோங்கும் காந்தளும் ஒருநாளிற் பூவா என்பதை அவள் அறிவாள். அறிந்தே கேட்கின்றாள். ஆகவே, இப்பகுதி நாடக வழக்கு. தனித்தனிப் பூ ஒவ்வொன்றும் உலகியல். அவற்றை ஒருங்கு குவித்தது நாடகம். இளவேனிற் பத்திலும் கொன்றைப் பாடல்களிலும் பூக்காலம் வழுவாது நிற்கக் காண்கின்றோம். அங்கே உணர்ச்சி பருவத்தைப் பற்றி நிற்றலால் வழுவின் பாட்டே இல்லை. குறிஞ்சிப்பாட்டில் காலம் வேண்டுமென்றே நெகிழ்க்கப்பட்டது. ஆண்டு முழுவதும் ஒரு நாளாகச் சுருங்கியது. காலம் காக்கப்பட்ட இடத்தையும் கடக்கப்பட்ட இடத்தையும் வேறுபிரித்து அறிய, முதற்கண் காலத்தை அறிந்திருத்தல் வேண்டும் அன்றோ?

தடைகளும் விடைகளும்

ஈராயிரம் ஆண்டில் காடும் மழையும் மாறியிருக்க, இன்றைய பூக்காலத்தை அன்றைய பாட்டிற்கு ஏற்றலாமோ எனச் சிலர் தடை கூறலாம். தடை பொருளுடையதே. ஆதலின், திங்களையும் நாளையும் அழுத்திக் கூறுதல் தகாது. இலவம் இலையுதிர்த்துப் பூப்பதும், கோடல் மழைக்குப்பின் எழுவதும் செடியின் பிறவி இயல்புகள். முன்பின் என்னும் இவ்வரிசையை மட்டுமே ஈண்டுச் சான்றாகக் கொண்டேன்.

உரையாசிரியர் கூறாததை நாம் கூறலாமோ என்பது மற்றொரு தடை. குறிஞ்சிப்பாட்டிற்கு உரை கண்ட நச்சினார்க்கினியர் சில பூக்களுக்குத் தம் காலத்து வழக்குப் பெயரைத் தருகின்றார். பலவற்றிற்கு அப்பெயரோடு 'பூ' எனச் சேர்த்து அமைகின்றார். அவர் காலத்து மாணாக்கர்க்கு அது போதுமாயிருந்தது. அவர்கள் மரத்தைக் கண்டிருப்பர். உ.வே. சாமிநாதையர் 1889-இல் பத்துப்பாட்டை அச்சேற்றிய காலத்திலும் நாட்டுப்புறத்து மாணாக்கர்க்குப் பல பூக்கள் கண்ணறிந்தவையே. இன்று அந்நிலை இல்லை. உரையாசிரியர் விட்ட இடம் நாம் எளிதாகக் கடந்து செல்லும் இடம் அன்று. நிரப்ப வேண்டிய இடம்.

முடிவுரை

இவ்வாராய்ச்சிக்கு ஒரு காலவரையறையும் உண்டு. மலைப்புல்வெளியை மரமற்ற தரிசு எனக் கருதிய ஆங்கிலேயர் காலக் கொள்கையால், மேற்குத் தொடர்ச்சி மலையின் உச்சிகளில் தேயிலையும், பின்னர் வாட்டில், தைலமரம் முதலிய அயல்மரங்களும் பரவின. மரம் நடுதல் நன்று என்னும் பொதுக் கருத்து, புல்லே அந்நிலத்தின் இயற்கை என்பதை மறைத்துவிட்டது. வெயில் வேண்டும் குறிஞ்சி, அயல்மரத்தின் அடர்நிழலில் வாழாது. கேரளத்தில் 2006-இல் குறிஞ்சிமலைக் காப்பிடமும், நம் பக்கத்தில் 2021-இல் திருவில்லிபுத்தூர்–மேகமலைப் புலிகள் காப்பகமும் அமைந்தமை ஆறுதல் தருவன. எனினும், காப்பிடம் நிலத்தைக் காக்கும். அந்நிலத்தைப் படிக்கும் கண்ணை நாமே வளர்த்தல் வேண்டும். கூறும் சொல் ஏட்டில் நிற்க, சுட்டும் பொருள் மலையிலிருந்து மறையுமாயின், வருங்கால மாணாக்கர்க்குக் குறிஞ்சியும் 'ஒருவகைப் பூ' ஆகிவிடும்.

ஆதலின், தமிழ்த் துறைகள் தத்தம் பகுதியில் பூக்காலப் பதிவு ஒன்று தொடங்குதல் தகும். கம்பம், போடி, பெரியகுளம் பகுதிகளில் எம்மரம் எந்நாளில் இலையுதிர்த்தது, எந்நாளில் பூத்தது, ஊரார் அதற்கு வழங்கும் பெயர் யாது என்பவற்றை மாணாக்கர் ஆண்டுதோறும் எழுதிவரின், பத்து ஆண்டில் எந்த அகராதியும் தாராத சான்று கிட்டும். குரங்கணித் தீக்குப்பின் மலைநடைக்கு விதிகள் வகுக்கப்பட்டுள்ளன. வனத்துறை 2024-இல் மாநிலம் முழுவதும் நாற்பது நடைவழிகளை அறிவித்துள்ளது. அவ்விசைவோடும் வழிகாட்டியோடும் மழைக்குப்பின் மேல்மலைக்குச் செல்க. வேனிலில் அடிவாரத்து மரங்களே போதும். காய்ந்த புல்வெளியை அக்காலத்தில் விலக்குக. இவ்வறிவுரை வனத்துறையினது மட்டும் அன்று. பின்பனியையும் வேனிலையும் பாலைக்கு உரியன என வகுத்த இலக்கணத்தின் உட்பொருளும் அதுவே.